பங்கும் தூரமும்: பெங்களூருவின் நிதிச் சந்தை வரலாறு

பெங்களூருவின் லாவெல் சாலைக்குப் பெயர் தந்தவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர். நியூசிலாந்துப் போரைப் பார்த்துவிட்டுப் பெங்களூரு தண்டுப் பகுதியில் குடியேறிய பழைய சிப்பாய். கோலார்ப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பற்றி 1802-இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி எழுதிவைத்திருந்தார். அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு லாவெல் 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்கம் தோண்ட உரிமை கேட்டார். 1875-இல் இருபது ஆண்டுக் குத்தகை கிடைத்தது. குத்தகை கிடைத்ததே தவிர, பாறையை உடைத்து ஆழத்துக்குப் போகப் பணம் இல்லை. உரிமையை பெரஸ்ஃபோர்டு என்ற ராணுவ அதிகாரியின் கூட்டத்தாரிடம் கைமாற்றிவிட்டார். அவர்களும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் லண்டன். அங்கே கோலார் மண் பங்குகளாகத் துண்டுபோடப்பட்டு, அந்த மண்ணைக் கனவிலும் பார்த்திராதவர்களுக்கு விற்கப்பட்டது.

பங்கு என்ற ஏற்பாட்டின் பலமும் ஆபத்தும் இந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் பொதுமக்களிடம் முதல் திரட்டியபோது, கம்பெனியில் போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் திரும்பக் கேட்க முடியாது என்பது நிபந்தனை. ஆனால் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டு விலகிக்கொள்ளலாம். மிளகுக் கப்பல் கரை திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விலகும் வழி திறந்திருந்ததால், முன்பின் தெரியாதவரும் துணிந்து பணம் போட்டார். கப்பல் எங்கே நிற்கிறது, சரக்கு நனைந்ததா என்பதைப் பற்றிய பேச்சுக்கே ஒரு விலை உண்டாயிற்று. சரக்கைப் பாராமல் பேச்சை மட்டும் கேட்டு விலை ஏறினால் என்ன ஆகும் என்பதை 1720-இல் சரிந்த லண்டனின் தென்கடல் கம்பெனி காட்டியது.

தமிழர் நடத்திய பெரும் நிதித் தொழில் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் பணத்தை முகவருடன் சேர்த்தே அனுப்பின. முகவர் பர்மாவின் நெல் ஊரில் மூன்று ஆண்டுத் தவணைக்கு உட்கார்ந்து, கடன் வாங்குபவரின் நிலத்தையும் விளைச்சலையும் கண்ணால் பார்த்தே கொடுத்தார். ரங்கூன் கடைகள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தன. சந்தை இருந்தது; ஆனால் அதில் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள். அந்த நெருக்கமும் காப்பாற்றவில்லை. 1930-க்குப் பின் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக நிலம் வந்து குவிந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தில் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அது கால் பங்கு ஆனது. விவசாயியின் கோபமும் கூடவே வளர்ந்தது. யாரும் விரும்பி வாங்கிய நிலமல்ல அது.

கோலாருக்கு வந்த பணத்துக்கு அப்படி முகம் கிடையாது. 1879 முதல் 1881 வரை லண்டனில் தென்னிந்தியத் தங்கம் ஒரு காய்ச்சலாகப் பரவியது. நீலகிரி மாவட்டத்தின் தேவாலாவையும் பந்தலூரையும் சுற்றியுள்ள வயநாட்டுக் காடுகளின் பேரில் டஜன் கணக்கில் கம்பெனிகள் மிதந்தன. காப்பித் தோட்டம் நொடித்தவர்கள் அதே நிலத்தைத் தங்க நிலமென்று கம்பெனிக்கு விற்றார்கள்; கம்பெனி பங்குதாரருக்கு விற்றது. அரைக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்து சேர்வதற்குள் தங்கத்தின் அளவு செலவுக்குக் கட்டாது என்று தெரிந்துவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் அடங்கின. அந்த வட்டாரத்தில் இன்றும் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருக்கின்றன.

அதே காய்ச்சலில் பிறந்ததுதான் மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனியும். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை ஏற்றது. சில ஆண்டுகளில் மூலதனம் ஏறக்குறையக் கரைந்து, கம்பெனியை மூடிவிடலாமா என்று பங்குதாரர்கள் கேட்கும் நிலை வந்தது. மிஞ்சிய பணத்தையும் போட்டுத் தோண்டிப் பார்ப்பது என்று முடிவானபோது, பிளம்மர் என்ற சுரங்கத் தலைவர், பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன இடத்துக்கு அடியில் இறங்கிச் சாம்பியன் ரீஃப் எனப் பின்னர் பெயர்பெற்ற தங்கப் படிவத்தை எட்டினார். வயநாடு மாயையாகவும் கோலார் மெய்யாகவும் முடிந்ததற்குச் சந்தையின் அறிவு எதுவும் காரணமில்லை. இரண்டின் விளம்பரத் தாள்களும் ஒரே மாதிரியான நம்பிக்கையோடுதான் எழுதப்பட்டிருந்தன. பூமிக்கு அடியில் இருந்தது மட்டும் வேறு.

அதன் பிறகு லண்டனுக்கு ஈவுத்தொகை போய்க்கொண்டே இருந்தது. மைசூர் அரசுக்கு உரிமைத்தொகை வந்தது. சுரங்கத்தின் மின்சாரத் தேவைக்காகவே 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி இழுக்கப்பட்டது. பெங்களூருவின் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905-இல்தான். நகரம் பங்குதாரருக்குப் பின்னால் வரிசையில் நின்றது. பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த தமிழர்கள், அவர்களில் மிகப் பலர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறும். தூசி நுரையீரலில் படியும். தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது 1930-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. லண்டன் பங்குதாரர் கூட்டத்தில் இந்தச் செய்திகளெல்லாம் ஒரு டன் கல்லுக்கு எத்தனை பவுண்டு செலவு என்ற கணக்காகத்தான் போய்ச் சேர்ந்தன.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் அவை மத்திய அரசுக்குப் போயின. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த பிறகு 2001-இல் மூடப்பட்டன. சுரங்க ஊரான மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்கு வருபவர்களில் பலர் அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தங்கத்தின் விலை ஏறியதால், சயனைடில் அலசிக் கொட்டப்பட்ட கழிவுமண் மேடுகளுக்கும் இப்போது மதிப்பு வந்திருக்கிறது. அவற்றில் 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இந்தியருக்குள்ளேயே பங்கு வியாபாரம் வேரூன்றியது பம்பாயில். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை பறந்த 1861–65 ஆண்டுகளில் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகரின் காலத்து ஊகப் பேய் அந்த நகரத்தை ஆட்டிவைத்தது. போர் முடிந்ததும் எல்லாம் கவிழ்ந்தது. ஆலமரத்தடியில் கூடிய தரகர்கள் 1875-இல் சங்கம் அமைத்தார்கள். அதுவே இன்றைய மும்பை பங்குச் சந்தை.

தென்னகத்துக்கு விழுந்த அடி பங்குகளால் அல்ல, ஒரு வங்கியால். மதராஸின் ஆர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22 அன்று கதவைச் சாத்தியது. ஓய்வூதியக்காரர்கள், வக்கீல்கள், விதவைகள், கோயில் நிர்வாகிகள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார நிறுவனம் என்பதே அவர்களுக்கு ஈடாக இருந்தது. அந்தப் பணம் லண்டன் கூட்டாளியின் ஊக வியாபாரத்தில் கரைந்ததை அவர்கள் அறியவில்லை. அந்தக் கூட்டாளி லண்டன் சுரங்க ரயிலின் முன் விழுந்து இறந்தார்; ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். அதே நெருக்கடியில் பெங்களூருவின் பெரிய துணி ஆலையை நடத்திய பின்னி கம்பெனியும் தடுமாறி, இன்ச்கேப் பிரபுவாகப் பின்னர் பட்டம் பெற்ற ஜேம்ஸ் மெக்கேயின் கைக்குப் போனது. அடிபட்டவர்களின் ஆத்திரத்தை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒரு வங்கியாக மாற்றினார்: 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி திறந்தது.

மைசூர் சமஸ்தானத்தில் அந்த வேலையை அரசே செய்தது. திவான் மோ. விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியால், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1913 அக்டோபரில் மைசூர் வங்கி பெங்களூருவில் தொடங்கியது. அதைவிடக் கெட்ட நேரத்தைத் தேடினாலும் கிடைத்திருக்காது. லாகூரின் பீப்பிள்ஸ் வங்கி சில வாரங்களுக்கு முன்தான் விழுந்திருந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் நாடெங்கும் எண்பதுக்கு மேற்பட்ட வங்கிகள் மூழ்கின. மைசூர் வங்கி தப்பித்தது. அதற்குப் பின்னால் சமஸ்தானத்தின் கஜானா நின்றதுதான் முக்கியக் காரணம் என்று கொள்ளலாம். 1960-இல் அது ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, 2017-இல் அதனோடு கலந்தது. கெம்பெகௌடா சாலையில் அது நின்ற இடத்தை ஊரார் இன்னமும் மைசூர் பேங்க் சர்க்கிள் என்றே சொல்கிறார்கள்.

கர்நாடகத்தின் கடற்கரையோரம் இன்னொரு சோதனை நடந்தது. 1906-இல் மங்களூரில் அம்மெம்பாள் சுப்பாராவ் பை தொடங்கிய நிதியே பின்னாளில் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட கனரா வங்கி. உடுப்பியில் 1925-இல் பிறந்த சிண்டிகேட் வங்கி, 1928-இல் பிக்மி சேமிப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முகவர் வீடு வீடாக, கடை கடையாகப் போய் நாளுக்கு இரண்டணா வாங்கி வருவார். வாடிக்கையாளர் வங்கியின் படியேற வேண்டியதில்லை. பிக்மி என்ற சொல் கர்நாடகத்தில் இன்றும் கடைக்காரர் நாவில் புழங்குகிறது. எத்தனையோ பொருளாதாரக் குழுக்களின் அறிக்கைகள் தொடாத இடத்தை அந்த இரண்டணா தொட்டது.

சுதந்திரத்துக்குப் பின் பெங்களூரு தொழில் நகரமானது பங்குச் சந்தையால் அல்ல. ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., எச்.ஏ.எல். ஆகிய பொதுத்துறைத் தொழிற்சாலைகள் எல்லாம் அரசுப் பணத்தில் வளர்ந்தவை. அவற்றில் வேலை பார்த்த குடும்பங்களின் சேமிப்பு வருங்கால வைப்புநிதிக்கும் எல்.ஐ.சி.க்கும் தங்கத்துக்கும் போனது. மிஞ்சியது சீட்டுக்குப் போனது. ஏலச்சீட்டைத் தனியே ஒரு நிதிச் சந்தையாகவே பார்க்க வேண்டும். இருபது பேர் மாதம் ஆயிரம் போட்டால் இருபதாயிரம். அவசரம் அதிகமுள்ளவர் அதிகம் தள்ளிக் கேட்டு எடுக்கிறார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குக் கசராகப் பிரிகிறது. வட்டி விகிதத்தை யாரும் அறிவிப்பதில்லை. இருபது பேரின் தேவையே அதை நிர்ணயிக்கிறது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் எத்தனையோ கல்யாணங்களும் கல்லூரிக் கட்டணங்களும் இந்தச் சந்தையால் நடந்தன.

பெங்களூரு பங்குச் சந்தை 1963-இல் தொடங்கியது. ஒரு கம்பெனி பங்கு வெளியிட்டால் தன் வட்டாரச் சந்தையிலும் பட்டியலிட வேண்டும் என்ற விதி அதைப் பிழைக்க வைத்தது. வெளியீட்டு விலையைத் தீர்மானித்தவர் டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர். நன்றாக நடக்கும் கம்பெனியும் மலிவாகத்தான் பங்கு கொடுக்க முடிந்தது. ஒதுக்கீடு கிடைப்பதே அதிர்ஷ்டக் குலுக்கல் மாதிரி. வாங்கிய பங்கு காகிதமாக வரும். விற்றவரின் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். அதைப் ‘பேட் டெலிவரி’ என்பார்கள். சிறு முதலீட்டாளர் மாதக்கணக்கில் அலைந்தது அதன் பின்னால்தான். கூண்டுக்குள் தரகர்கள் கூவி வியாபாரம் செய்தார்கள். கணக்கு முடிக்கும் நாளில் பணம் கட்டாமல் வட்டி கொடுத்து அடுத்த தவணைக்குத் தள்ளும் ‘பத்லா’ முறையும் இருந்தது. 2001 வரை அது ஒழியவில்லை.

கட்டுப்பாட்டாளர் பதவி 1992-இல் நீங்கியது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி சட்டபூர்வ அதிகாரம் பெற்றதும் அதே ஆண்டில், ஹர்ஷத் மேத்தா என்ற தரகரின் ஊழல் வெடித்ததும் அதே ஆண்டில். சந்தை துவண்டு கிடந்த 1993 பிப்ரவரியில் பெங்களூருவின் ஒரு மென்பொருள் கம்பெனி பத்து ரூபாய்ப் பங்கை 95 ரூபாய்க்குக் கொடுக்க முன்வந்தது. ஆலை இல்லை, இயந்திரம் இல்லை, காட்டுவதற்கு ஒரு புகைபோக்கிகூட இல்லை. இன்ஃபோசிஸ் வெளியீடு முழுதாக விற்கவில்லை. மார்கன் ஸ்டான்லி வங்கி 13 சதவீதப் பங்கை வெளியீட்டு விலைக்கே எடுத்துக்கொண்டது. ஜூனில் பட்டியலானபோது விலை 145 ரூபாய். அன்று வாங்கிய நூறு பங்குகள், போனஸும் பிரிப்பும் சேர்ந்து 2018-க்குள் 1,02,400 ஆயின. இந்தக் கணக்கைச் சொல்லாத முதலீட்டு வகுப்பு நாட்டில் இல்லை. அதே தொண்ணூறுகளில் பங்கு வெளியிட்டுப் பெயரே இல்லாமல் மறைந்த கம்பெனிகளின் கணக்கை எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. வயநாட்டை மறந்துவிட்டுக் கோலாரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அது.

சமூகத்தின் மேல் விழுந்த விளைவு பங்கு விலையில் அல்ல, பங்கு யாருக்குப் போனது என்பதில் இருக்கிறது. 1994 முதல் இன்ஃபோசிஸ் ஊழியர்களுக்குப் பங்கு விருப்புரிமை தந்தது. அப்பா பி.இ.எல்.லில் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்ததை மகள் ஐந்தாண்டில் தாண்டினாள். கோலார்த் தொழிலாளிக்குத் தான் தோண்டிய சுரங்கத்தின் பங்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. இங்கே வேலை செய்தவரே உடைமையாளரானார். ஆனால் எல்லா வேலைக்காரரும் அல்ல. கணினி முன் உட்கார்ந்தவருக்குப் பங்கு, அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தவருக்கு ஒப்பந்தக் கூலி. பங்குப் பணம் மனையாகவும் அடுக்ககமாகவும் மாறியபோது, பங்கில்லாதவரின் வீட்டு வாடகையும் சேர்ந்து ஏறியது. 1999 மார்ச்சில் இன்ஃபோசிஸ் நாஸ்டாக்கில் பட்டியலான பின், நியூயார்க்கின் இரவு மூடும் விலையைப் பார்த்துத்தான் ஜெயநகரில் சில வீடுகள் விடிந்தன. 2018-இல் பெங்களூருவின் இணைய வணிக நிறுவனமான ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது அதே கதையின் அடுத்த சுற்று. பங்குச் சந்தைக்கு வராமலே நடந்த சுற்று.

பெங்களூரு கம்பெனிகள் உலகச் சந்தையில் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே பெங்களூருவின் சொந்தப் பங்குச் சந்தை செத்துக்கொண்டிருந்தது. 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையோடு வந்தது. 1996-இல் காகிதப் பங்கை ஒழிக்கும் டீமேட் முறை வந்தது. மும்பையின் விலை எந்த ஊரிலும் அதே நொடியில் தெரியும் என்றானபின் ஜே.சி. சாலைக் கட்டடத்தில் கூடுவதற்குக் காரணம் இல்லை. ஆண்டு வியாபாரம் ஆயிரம் கோடிக்குக் குறைந்த சந்தைகள் வெளியேற 2012-இல் செபி விதி வகுத்தது. கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னைச் சந்தைகள் அடுத்தடுத்து வெளியேறின. பெங்களூருவுக்கான உத்தரவு 2014 டிசம்பரில் வந்தது. யாரும் அழவில்லை. அலைச்சலும் தரகர் தயவும் ஒழிந்ததில் நியாயமான லாபம் இருந்தது. உள்ளூர்ச் சிறு கம்பெனிக்கு முகந்தெரிந்த முதலீட்டாளர் கிடைக்கும் இடம் ஒழிந்தது நஷ்டம். அதைக் கணக்கில் எழுதியவர் குறைவு.

முகந்தெரிவது பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2019-இல் சிவாஜிநகரில் இயங்கிய ஐ.எம்.ஏ. முதலீட்டு நிறுவனம் சரிந்தபோது புகார் கொடுத்த பல்லாயிரம் பேரில் பலர் அதே அக்கம்பக்கத்துக்காரர்கள். 2020 ஜனவரியில் குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கியின் மேல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, பணம் எடுக்க முடியாமல் நின்றவர்களில் ஓய்வூதியக்காரர் பலர். ஆர்பத்நாட் வாசலில் 1906-இல் நின்ற வரிசையில் இருந்தவர்களும் அப்படிப்பட்டவர்களே.

சந்தைக்குக் கட்டடம் தேவையில்லாமல் போன காலத்தில் அந்தத் தொழில் வேறு உருவில் பெங்களூருவுக்குத் திரும்பியது. 2010 ஆகஸ்டில் நிதின் காமத் தொடங்கிய ஜெரோதா என்ற தரகு நிறுவனம், வியாபாரத்தின் அளவு எதுவானாலும் ஒரு ஆர்டருக்கு இருபது ரூபாய் என்று கட்டணத்தை நிர்ணயித்தது. 2015 முதல் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் ‘டெலிவரி’க்குத் தரகே இல்லை என்றது. 2016-இல் இதே நகரில் பிறந்த குரோ, 2023-இல் வாடிக்கையாளர் எண்ணிக்கையில் அதையும் முந்தியது. ஆதார் வழி அடையாளமும் யு.பி.ஐ. வழிப் பணமும் சேர்ந்து, கணக்குத் திறப்பதை ஒரு மாலைப்பொழுதின் வேலையாக்கின. நாட்டில் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 ஆகஸ்டில் 17 கோடியைத் தாண்டின. பொதுமுடக்கக் காலமும் மலிவு இணையமும் தொடர்ந்து ஏறிய குறியீடும் ஒரே நேரத்தில் கூடியதன் விளைவு இது.

இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி பங்கை வாங்கி வைக்கவில்லை. வாரம் ஒருமுறை காலாவதியாகும் ஆப்ஷன்களுக்குப் போனது. ஆப்ஷன் என்பது பங்கின் மேலோ பங்குக் குறியீட்டின் மேலோ கட்டப்பட்ட ஒப்பந்தம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ‘எக்ஸ்பைரி’ நாளன்று மாலை மூன்றரை மணிக்கு ஒன்று பலிக்கும், இல்லையேல் பூஜ்யம். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஆப்ஷனும் ஃபியூச்சரும் சேர்ந்த வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் கூறியது. 2024 நிதியாண்டில் வியாபாரம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்குட்பட்டவர்கள். தொடர்ந்து இழந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் நிறுத்தவில்லை. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை உயர்த்தியும், ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டில் மட்டுமே வாராந்தரக் காலாவதி என்று வரம்பு கட்டியும் 2024 நவம்பரிலிருந்து செபி கடிவாளம் போட்டது. அடுத்த நிதியாண்டிலும் தனிநபர் நஷ்டம் 1,05,603 கோடி. இழந்தவர்கள் 91 சதவீதம்.

எதிர்ப்பக்கத்தில் லாபம் பார்த்தவர்கள் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யும் தரகு நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும். அவர்களுடைய லாபத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கணினி நிரல்கள் தாமாகவே செய்த வியாபாரத்திலிருந்து வந்தது. அந்த நிரல்கள் ஓடும் கணினிகளை, விலை ஒரு நொடியின் நுண்துளிகூடத் தாமதிக்காமல் வந்துசேர வேண்டும் என்பதற்காக, வாடகை கொடுத்துப் பங்குச் சந்தையின் வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கோலாருக்கும் லண்டனுக்கும் இடையே கப்பல் நாட்களால் அளக்கப்பட்ட தூரம், மும்பையின் அந்த அறைக்குள் கேபிளின் நீளத்தால் அளக்கப்படுகிறது. மாரிக்குப்பம் ரயிலில் கைப்பேசியில் ஆப்ஷன் வாங்கும் இளைஞரின் ஆர்டர் அந்த அறைக்கு வெளியிலிருந்து வருகிறது.